சபியா உம்மாவின் ஜனாஸா அறிவித்தல்

நிந்தவூர்
2025 செப்டம்பர் 6, சனி

றெஜி,

வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் நீ ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டு, பெருவிரல் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் மின்னஞ்சல். இருந்து வாசி. மெல்பேர்னுக்குப் போன பிறகு என்னோடு கதைக்க உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குக் கோபப்பட இன்றைக்கு எனக்கும் நேரமில்லை, ஏனென்றால் நான் பெருமையடிக்க வந்திருக்கிறேன்.

கல்முனையில் உங்கள் வீட்டு முன்னறையில் இருந்து, றோசா அன்ரியின் தையல் மெஷின் சத்தத்துக்குள் நாம் இரண்டு பேரும் எழுதிய அந்த ஜனாஸா அறிவித்தல் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே யாராவது மௌத்தானால் பள்ளிவாசலில் ஒருவர் பெயரையும் நல்லடக்க நேரத்தையும் அடிப்பார், ஊர் முழுக்க எஸ்எம்எஸ் போகும். ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத வயல் வட்டைக்குள்ளும் போகும். இப்போது அதற்குப் புது முகப்பு செய்கிறேன். புதுப் பகுதி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனைகளை ஜெஸ்ட் சட்டகத்தில் எழுதுகிறேன். நீ எழுதிவைத்த பழைய சோதனைகளோ எல்லாம் ஜாஸ்மின் சட்டகத்தில். ஒரே வேலைக்கு இரண்டு சட்டகத்தை எத்தனை நாளைக்கு இழுத்துக்கொண்டு திரிவது?

உன் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி எழுத எனக்கென்ன பைத்தியமா? சின்னதாக ஒரு பொருத்தி எழுதினேன். நீ ஜாஸ்மின் பாணியில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும், ஜெஸ்டில் அதே வேலையைச் செய்கிற சொல்லைக் காட்டிக்கொடுக்கிற ஒரேயொரு கோப்பு. உன் வரி ஒன்றில்கூடக் கைவைக்கவில்லை. பள்ளி நிருவாகத்தில் இருக்கிற ஸஹீத் காக்கா புது போன் இலக்கங்கள் கொஞ்சம் ஏற்றச் சொல்லியிருந்தார். என் கொம்பியூட்டரிலிருந்தே அவற்றை ஏற்றிவிட்டு, அந்தக் கையோடு உன் சோதனைகளை ஓடவிட்டேன். எல்லாம் பச்சை, றெஜி! பேருக்கு ஒரு சிவப்பு இல்லை.

"ஹிமா, நீ ஒண்டையும் கவனிக்காம ஓடுவாய்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய். இப்ப என்ன சொல்லப் போறாய்?

போன் விடாமல் அடிக்கிறது. கேற்றிலும் யாரோ கூப்பிடுகிறார்கள். இதை இப்படியே அனுப்புகிறேன், மிச்சம் பிறகு.

ஹிமாயா


மெல்பேர்ன்
செப்டம்பர் 7, ஞாயிறு

ஹிமா,

கோயிலுக்கு வெளிக்கிடும் நேரம் பார்த்து உன் கடிதத்தை வாசித்தேன். பூசை முழுக்க அதுதான் மண்டைக்குள். ஒரு செபமும் ஒழுங்காகச் சொல்லவில்லை, அந்தப் பாவம் உனக்குத்தான்.

நேரமில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய். உன் கலியாணத்துக்குப் பிறகு நான் கோல் எடுத்தபோதெல்லாம் "மாமி வந்திருக்கா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்தவள் நீ. சரி, அதை விடு. பொருத்தி நல்ல யோசனை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆனால் பெருமையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்றைப் பார். எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதிக்கு முன்னால் நான் ஒரு ஸ்பை வைத்திருந்தேன், வாசல் காவல்காரன் மாதிரி. ஜாஸ்மினில் அந்தக் காவல்காரன் ஒருவரையும் போகவிடமாட்டான். யார் வந்தது என்று குறித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவான். ஜெஸ்டில் அதே பெயரில் இருக்கிற ஆளின் குணம் வேறு. குறித்துக்கொள்வான், ஆனால் வாசலையும் திறந்துவிடுவான். மறிக்கச் சொல்லி நீயாகச் சொன்னால்தான் மறிப்பான். உன் பொருத்தியில் ஒன்றை மற்றதோடு நேராகக் கட்டியிருந்தால், சோதனை ஓடும்போது எஸ்எம்எஸ் உண்மையாகவே போகும். சோதனையும் பச்சைதான் காட்டும். 'ஒரு தரம் அனுப்பப்பட்டதா' என்பது மட்டும்தானே அதனுடைய கேள்வி. எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி தரும் சாவியும் ஊராரின் இலக்கங்களும் உன் மெஷினில் இல்லாவிட்டால் பயமில்லை. இருந்தால், தயவுசெய்து திரும்ப ஓட்டாதே.

மற்றது, அந்த மூன்று சோதனையிலும் இறந்தவரின் பெயராக நீ அடித்த பெயர் இன்னும் இருக்கிறதா? உன் சீதன வீட்டு மேல்மாடிக்குக் கூரை போட்டு முடிக்காமல் மகனைத் தரமாட்டேன் என்று அந்த மனிசி நின்ற அன்றைக்கு, என் மடியிலிருந்து லெப்டொப்பைப் பறித்து நீ அடித்த பெயர். நானும் சிரித்தேன்தான். ஆனால் இப்போது அவ உன் மாமி. முதலில் அதை எடு.

றெஜிதா


நிந்தவூர்
செப்டம்பர் 9, செவ்வாய்

றெஜி,

நீ எழுதும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

சாவியும் இருந்தது, இலக்கங்களும் இருந்தன. மூன்று சோதனை, மூன்று எஸ்எம்எஸ். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன், சபியா உம்மா காலமானார்கள் என்று முதலாவது. நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று இரண்டாவது. நேரம் மாற்றப்பட்டுள்ளது, மஃரிபுக்குப் பிறகு என்று மூன்றாவது. நேரமாற்றமும் வந்ததால் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. பொய்யான மௌத்துக்கு யார் நேரம் மாற்றுவது?

மாமி அப்போது அவவின் வீட்டு வாசலில் மீன்காரரோடு விலை பேசிக்கொண்டு நின்றிருக்கிறா. முதலில் ஓடிவந்தது அவவின் தங்கச்சி. குழறிக்கொண்டு வந்தவ, மாமியைக் கண்டதும் இன்னும் பெரிதாகக் குழறினா. பிறகு பக்கத்து வீட்டார், பிறகு ஒலுவிலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். மையவாடியில் எந்தப் பக்கம் குழி வெட்டுவது என்று கேட்டு ஒருவர் வந்தார். பள்ளியிலிருந்து ஜனாஸா தூக்கும் சந்தூக்கையும் கொண்டுவந்து கேற்றடியில் இறக்கிவிட்டார்கள். மாமி அதைப் பார்த்து "இது ஆருக்கு?" என்று கேட்டா. அந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

என் றிஸ்வான் நற்பிட்டிமுனைப் பக்கம் வயலில் நின்றிருக்கிறார், அறுவடை மெஷினோடு. எஸ்எம்எஸ்ஸைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறார். வாய்க்கால் கட்டில் விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு வெடித்துப்போனது. தொங்கிய கையோடு வந்து, வாசலில் உம்மாவைக் கண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "உம்மா" என்று ஒரு சத்தம் போட்டார், றெஜி. அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

நேற்றுப் பள்ளி நிருவாகத்தில் கூப்பிட்டார்கள். மென்பொருள் பிழை, மன்னிக்கவும் என்று ஒரு அறிவித்தல் போட்டார்கள். பெயர் எப்படி வந்தது என்றும் கேட்டார்கள். ஒருமாதிரிச் சமாளித்துவிட்டேன். நீ அதையெல்லாம் யோசிக்காதே. கடைக்குப் போகவும் வெட்கமாக இருக்கிறது, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போகிறேன். றோசா அன்ரியைச் சுகம் கேட்டதாகச் சொல்லு.

ஹிமாயா


மெல்பேர்ன்
செப்டம்பர் 14, ஞாயிறு

ஹிமாயா,

அம்மா இன்றைக்குப் போனில் என்னிடம் என்ன கேட்டா தெரியுமா? "மகள், நீ ஆரையும் சாகட்டும் என்டு எழுதினியா?"

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல முன்னம் அவவே அழுதுவிட்டா.

உன் மதினி மர்ஷூதா போன கிழமை வந்திருக்கிறாள். அவளுடைய அபாயாவுக்கு அம்மா துணியை வெட்டி, கை இரண்டையும் பிரித்து வைத்திருந்தா. தைக்க மட்டும்தான் மிச்சம். அவள் கதிரையில்கூட இருக்காமல், வெட்டின துண்டுகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, "நாங்க வேற இடத்துல தைக்கிறம்" என்று போய்விட்டாள். மறுநாள் இன்னொருவர், அதற்கு மறுநாள் இரண்டு பேர். கலியாண உடுப்புக்கு அளவு கொடுத்தவர்கள்கூட வரவில்லை. அம்மா தன்னுடைய தையலில்தான் பிழை என்று நினைத்து, தைத்து வைத்திருந்தவற்றையெல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறா. கடைசியில் றுக்ஸானா அன்ரிதான் மனம் பொறுக்காமல் சொல்லியிருக்கிறா. "உங்கட மகள்தானாம் சபியா உம்மாட பேர மௌத்தாப் போட்ட. கொம்பியூட்டர்ல அவட பேர்தான் இருந்திச்சாம். பள்ளிக்காரங்க கண்ணால பாத்தாங்களாம்."

ஒருமாதிரிச் சமாளித்துவிட்டேன் என்று எழுதினாயே. எதை வைத்துச் சமாளித்தாய் என்று இப்போது விளங்குகிறது.

என் லெப்டொப்பில் நீ அடித்தாய், அதனால் எழுதியவர் என்று அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயர் நிற்கிறது. அது உனக்குத் தெரியும். ஒரு வேதக்காரப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, ஒரு முஸ்லிம் மனிசியின் மௌத்தை எழுதிவைத்தாள் என்றால் நம் ஊர்ப் பக்கம் அது எவ்வளவு தூரம் போகும் என்று, கல்முனையில் படித்த உனக்கு நான் சொல்லித்தர வேணுமா? நான் இங்கே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது. அம்மா அங்கே தனிய இருக்கிறா.

இதற்கு நீ என்ன சொல்லப் போகிறாய் என்று பார்க்கத்தான் எழுதுகிறேன்.

றெஜிதா


நிந்தவூர்
செப்டம்பர் 15, திங்கள்

றெஜி,

எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். எப்படி எழுதினாலும் நான் நல்லவளாகத் தெரியப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சீ என்று போகிறது.

நான் பொய் சொல்லவில்லை. ஸஹீத் காக்கா திரையைப் பார்த்து, "இத ஆரு புள்ள எழுதின?" என்று கேட்டார். "சோதனைகள எழுதினது றெஜிதா" என்றேன். அது உண்மைதானே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் "ஆ..." என்று ஒரு இழுவை இழுத்தார். அந்த இழுவைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

இன்னும் கேள். மாமி ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டுக்கு வருகிறா. நேற்று என் தலையைத் தடவி, "உன்ன அவள் மாட்டிவிட்டிட்டாள் புள்ள, நீ என்ன செய்வாய்" என்றா. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ என் தலையைத் தொட்டதில்லை. நான் அப்படியே இருந்தேன், றெஜி. அவ தடவி முடியும்வரைக்கும் அசையாமல் இருந்தேன். றிஸ்வானுக்கு வலது கையில் பத்துப் போட்டுக் கட்டியிருக்கிறது. நான்தான் சோறு ஊட்டிவிடுகிறேன். "அல்லாஹ் காப்பாத்தினான், ஹிமா" என்று சொல்லிக்கொண்டே வாங்கிச் சாப்பிடுகிறார். இந்த வீட்டில் எனக்கு இப்போதுதான் இவ்வளவு மரியாதை. சொன்னால் எல்லாம் போய்விடும். எந்த முகத்தோடு நான் இங்கே இருப்பது?

றோசா அன்ரியிடம் நானே போகிறேன். காலைப் பிடித்தாவது உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். அவவுக்கு மட்டும் சொன்னால் காணும்தானே?

ஹிமாயா


மெல்பேர்ன்
செப்டம்பர் 16

காணாது.

அம்மாவுக்கு நீ சொல்லத் தேவையில்லை. நான் எழுதவில்லை என்று சொன்னதும் அவ நம்பிவிட்டா. நம்பாமல் இருப்பது உன் ஊர். ஊர் முழுக்கப் போனதை ஒரு மனிசியின் காதுக்குள் சொல்லி எடுக்க முடியாது.

உனக்கு மரியாதை போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். அது என் அம்மாவின் மரியாதை. உன்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

திருப்பிக் கொடுக்கும்வரை எனக்கு எழுதாதே.


நிந்தவூர்
செப்டம்பர் 20, சனி

றெஜி,

செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் றிஸ்வானுக்குச் சொன்னேன். சோறு ஊட்டும்போதே சொன்னேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "உம்மாட்ட போய்ச் சொல்லு" என்றார்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நான் சொல்லச் சொல்ல அவவின் கை நிற்கவில்லை. முடிந்த பிறகு சுளகைக் கீழே வைத்தா.

"கூர முடியல்ல என்டு ஒரு சொல்லுச் சொன்னத்துக்கு என்னக் கபன் புடவைல சுத்திட்டியா?"

"மாமி, அது பகிடிக்கு..."

"பகிடிக்குத்தான் சந்தூக்கு என்ட வாசலுக்கு வந்திச்சா? என்ட புள்ள கைய ஒடிச்சிக்கிட்டு வந்து கிடந்தானே, அதுவும் பகிடிக்கா? மறுகா நான் உன்ட தலயத் தடவினனே. அப்பவும் உனக்கு வாய் வரல்லியா?"

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவ சிந்தின அரிசியைப் பொறுக்கிச் சுளகில் போட்டா. பிறகு, "அந்தத் தையக்காரப் பொம்புளட்ட இருந்து மர்ஷூதா துணிய எடுத்துக்கிட்டு வந்தாளே. நான்தான் எடுத்துக்கிட்டு வா என்டு அனுப்பின" என்றா.

ஸஹீத் காக்காவுக்கு விஷயம் போனது. "எங்கட புள்ளட மானம் போகும், இத உள்ளுக்குள்ள முடிப்பம்" என்றார். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். மாமிதான் விடவில்லை. "அந்தப் புள்ளக்கு மானம் இல்லியா? எப்பிடிப் போனிச்சோ அப்பிடியே போகணும். அதே மெஷின்ல, அதே ஆக்களுக்கு" என்று ஒற்றைக் காலில் நின்றா. கூரைக்கு நின்ற மாதிரியே நின்றா.

நேற்று ஜும்ஆவுக்குப் பிறகு அனுப்பினேன். றோசா அன்ரியின் இலக்கத்தையும் சேர்த்தேன். இதுதான் போனது:

"அஸ்ஸலாமு அலைக்கும். இம்மாதம் 6ஆம் திகதி சபியா உம்மா காலமானதாக வந்த பிழையான அறிவித்தலில் அவர்களுடைய பெயரை எழுதியவள் நான். கல்முனை றெஜிதா அல்ல. அவர் மீது பழி விழுந்தபோது வாய்மூடி இருந்தவளும் நான்தான். சபியா உம்மாவிடமும், றெஜிதாவிடமும், அவருடைய தாயாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். ஹிமாயா, சபியா உம்மாவின் மருமகள்."

இந்த முறை போன் அடிக்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை, ஒருவரும் கேற்றில் கூப்பிடவில்லை. றிஸ்வான் இப்போது இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுகிறார். சோறு சாரத்தில் கொட்டுகிறது. நான் கிட்டப் போனால் "இரி, நான் திம்பன்" என்கிறார்.

பொருத்தியைத் திருத்திவிட்டேன். காவல்காரன் இப்போது மறிக்கிறான். சாவியையும் இலக்கங்களையும் என் மெஷினிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த மூன்று சோதனையிலும் மாமியின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். இனி ஒவ்வொரு தரம் ஓடும்போதும் மௌத்தாகிறது நான்தான். அது எனக்குச் சரி என்று படுகிறது.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஹிமாயா


மெல்பேர்ன்
செப்டம்பர் 28, ஞாயிறு

ஹிமா,

பதில் எழுதுவதில்லை என்றுதான் ஒரு கிழமை இருந்தேன். அம்மா இன்றைக்குக் கோல் எடுத்துச் சொன்ன கதையால் எழுதுகிறேன்.

நேற்று வீட்டு வாசலில் ஒரு ஓட்டோ வந்து நின்றிருக்கிறது. உன் மாமி இறங்கி, நேராக முன்னறைக்குள் போய், தையல் மெஷினுக்கு முன்னால் நின்றாவாம். பிறகு உன் மாமி கையில் இருந்த துணியை நீட்டி, "மௌத்தாப் போனவளுக்கும் அளவெடுப்பியளா, றோசா?" என்று கேட்டிருக்கிறா.

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணி வந்துவிட்டதாம். அளவு நாடாவைப் பிடிக்கவும் முடியவில்லையாம். இரண்டு பேருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் அளவே எடுத்தாவாம். மர்ஷூதா மட்டும் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. வெட்டின துண்டுகள் இருந்த பையை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்த அபாயாவின் கைத்துண்டு இரண்டையும் அம்மா இன்றைக்குப் பொருத்தித் தைக்கிறா. மற்றவர்கள் வருவார்களோ தெரியாது. இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

உன்னோடு எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போனது மாதிரி நடிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேணும். அன்றைக்கு நீ அந்தப் பெயரை அடித்தபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் அறிவித்தலில் நீ அதை எழுதவில்லை. எழுதியிருக்கலாம். "நீ எழுதல்லத்தானே, மகள்" என்று அம்மா கேட்டபோது, சிரித்ததை மறைத்துக்கொண்டுதான் "இல்லை" என்றேன். இன்றைக்கு அவவிடம் சொல்லிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் திருத்தத்தை இறக்கி இங்கே ஓட்டிப் பார்த்தேன். காவல்காரன் ஒழுங்காக மறிக்கிறான், ஒன்றும் வெளியே போகவில்லை, எல்லாம் பச்சை. ஆனால் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தது பார், ஹிமாயா காலமானார், ஹிமாயா காலமானார், ஹிமாயா காலமானார் என்று. மெஷினை மூடிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

உன் பெயரை அதிலிருந்து எடு. இன்றைக்கே எடு. 'பெயர் ஒன்று' என்று போட்டாலும் சோதனை ஓடும்.

எடுத்துவிட்டு எனக்கு ஒரு கோல் எடு. மாமி வந்திருந்தாலும் எடு.

றெஜி